இந்தியாவின் முதல் தண்டவாளம் செங்குன்றத்தில்! அதைப் போட்ட ஆர்தர் காட்டன், பிறகு ரயிலையே எதிர்த்தது ஏன்?

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வருபவர்களிடம், இந்தியாவில் முதல் ரயில் எங்கே ஓடியது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் மும்பை என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தது அதுதானே. 1853 ஏப்ரல் 16, போரிபந்தரிலிருந்து தானே வரை, சுமார் 34 கி.மீ.

ஆனால், அது முதல் பயணிகள் ரயில். இந்த நாட்டில் தண்டவாளம் போட்டு, அதன் மேல் சரக்கு வண்டி ஓட்டிய கதை அதற்கு 16 வருஷம் முன்னாடியே தொடங்கிவிட்டது. நடந்த இடம், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் செங்குன்றம். அதாவது ரெட் ஹில்ஸ்.

அந்தத் தண்டவாளத்துக்குப் பின்னால் இருந்தவர் ஆர்தர் காட்டன் என்ற ராணுவப் பொறியாளர். கோதாவரி டெல்டாவில் இன்றைக்கும் சிலை வைத்து மாலை போடுகிறார்களே, அதே காட்டன்தான். முதல் தண்டவாளம் போட்ட இந்த மனிதர், பிற்காலத்தில் இந்திய ரயில்வேயின் மிகப்பெரிய விமர்சகராக மாறினார். லண்டன் நாடாளுமன்றம் வரை போய் வாதாடினார். தோற்றும் போனார்.

ஏன் எதிர்த்தார்? ஏன் தோற்றார்? ஒரு பெரிய போக்குவரத்துத் திட்டம் எப்படிப் பிறக்கிறது, யார் பணத்தில் ஓடுகிறது, யார் கணக்குப் போட்டு அதை நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் இந்த ஒருவர் வாழ்க்கையைப் பார்த்தாலே புரிந்துவிடும். விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஆர்தர் காட்டன்?

1803 மே 15-ம் தேதி இங்கிலாந்தில் பிறந்தவர். பெரிய குடும்பம், நிறைய அண்ணன் தம்பிகள். 15 வயதில் அடிஸ்கோம்பில் இருந்த கிழக்கிந்திய கம்பெனியின் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1821-ல், 18 வயதில் மெட்ராஸ் வந்து இறங்கினார். மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் வேலை.

ஆரம்பத்தில் கிடைத்த முக்கியமான வேலைகளில் ஒன்று, பாம்பன் கால்வாய் ஆய்வு. ராமேஸ்வரம் பக்கம் கடலுக்குள் இருக்கும் அந்தக் குறுகிய வழியில் கப்பல் போக முடியுமா, அதை ஆழப்படுத்த முடியுமா என்று அளந்து பார்க்கும் பணி. பின்னாளில் சேதுசமுத்திரத் திட்டம் என்று நாம் பேசிய விஷயத்தின் ஆரம்பகாலக் கணக்குகள் அங்கிருந்தே தொடங்குகின்றன. நடுவில் முதல் பர்மா போருக்கும் போய்விட்டு வந்தார்.

அதன் பிறகு காவிரிப் பக்கம் அனுப்பப்பட்டார். அவருடைய வாழ்க்கை திரும்பியது அங்கேதான்.

கல்லணை கற்றுக்கொடுத்த பாடம்

அப்போது தஞ்சாவூர் பெரிய சிக்கலில் இருந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை காவிரி, இன்னொன்று கொள்ளிடம். கொள்ளிடத்தின் படுகை தாழ்வு என்பதால் வருஷத்துக்கு வருஷம் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடியது. காவிரியில் மணல் மேடிட்டு, வயலுக்கு வர வேண்டிய தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது.

தடுப்பணை கட்ட வேண்டும். ஆனால் ஆற்றில் தோண்டினால் பாறை கிடையாது, வெறும் மணல். மணலில் எப்படி அணை நிற்கும்?

பதில் பக்கத்திலேயே இருந்தது. கல்லணை. எத்தனையோ நூற்றாண்டுகளாக அது நின்றது மணல் மேல்தான். பெரிய கற்களை ஆற்றில் போட்டு, அவை மணலுக்குள் இறங்கி இறங்கி ஒரு கட்டத்தில் அசையாமல் நின்றுவிட, அதன் மேல் கட்டிய அமைப்பு. இதை உள்ளூர் மக்கள் முன்னோர்களிடமிருந்துதான் தானும் கற்றுக்கொண்டதாக காட்டன் பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார்.

அந்த முறையை வைத்து, 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் கட்டப்பட்டன. தஞ்சாவூர் விவசாயம் மீண்டது. அரசாங்கத்துக்கு வரி வருமானமும் கூடியது.

அந்த மேலணை ரொம்ப காலம் தாக்குப் பிடித்தது. 2018 ஆகஸ்ட்டில் வெள்ளம் வந்தபோது கொள்ளிடம் பகுதியில் மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்ட செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். 182 வருஷம் கழித்துதான் அது நடந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காட்டனின் முதல் வெற்றி உள்ளூர் தொழில்நுட்பத்தில், உள்ளூர் ஆட்களை வைத்து, குறைந்த செலவில் கிடைத்தது. பலன் சில ஆண்டுகளிலேயே வரிக் கணக்கில் தெரிந்தது. அடுத்த திட்டத்துக்கு அனுமதி கேட்கும்போது அவர் கையில் இருந்த துருப்புச் சீட்டு இதுதான்.

1837: செங்குன்றத்தில் தண்டவாளம்

இதே காலத்தில் மெட்ராஸில் இன்னொரு பிரச்சினை. நகரம் வளர்கிறது, நல்ல சாலை வேண்டும். சாலை போடக் கல் வேண்டும். கல் செங்குன்றம் பக்கம் கிடைக்கிறது. ஆனால் மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தால், கல் விலையை விட வண்டிக்கூலி அதிகம்.

இங்கிலாந்தில் அப்போதுதான் ரயில் பிரபலமாகிக் கொண்டிருந்தது. லிவர்பூல் - மான்செஸ்டர் பாதை திறக்கப்பட்டது 1830-ல். அந்த யோசனையை இங்கே பரிசோதித்துப் பார்க்கலாம் என்று முன்வந்தவர்களில் முக்கியமானவர் காட்டன். 1836-ல் சிந்தாதிரிப்பேட்டை பாலம் அருகே சின்னதாக ஒரு சோதனைப் பாதை. 1837-ல் செங்குன்றம் ரயில் பாதை பயன்பாட்டுக்கு வந்தது.

இன்றைய ரயிலைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இது கல் ஏற்றும் சரக்குப் பாதை மட்டுமே. வண்டிகளைப் பெரும்பாலும் இழுத்தது விலங்குகள். நீராவி இயந்திரமும் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். தண்டவாளத்தின் மேல் வைத்தால், அதே மாடு பல மடங்கு பாரத்தை இழுக்கும். இதுதான் லாபம்.

சில ஆண்டுகளில் இந்தப் பாதை கைவிடப்பட்டது. ஆனால் காட்டன் மனதில் ஒரு கேள்வி நின்றுவிட்டது. ஒரு டன் சரக்கை ஒரு மைல் தூரம் கொண்டுபோக என்ன செலவு? வாழ்நாள் முழுக்க அவர் எல்லாத் திட்டங்களையும் இந்த ஒரே தராசில் வைத்துத்தான் எடைபோட்டார்.

கோதாவரியில் கிடைத்த பெரிய வெற்றி

நடுவில் உடல்நிலை மோசமாகி, ஓய்வுக்காக ஆஸ்திரேலியா பக்கம் போய்ச் சில ஆண்டுகள் இருந்தார். திரும்பி வந்தபோது அவருக்குக் கிடைத்த இடம் கோதாவரி.

1830-களின் தொடக்கத்தில் வந்த பஞ்சம் அந்தப் பகுதியையே சூறையாடியிருந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, கரையில் மக்கள் பட்டினி கிடக்கிறார்கள். காட்டன் அந்தப் பகுதியைச் சுற்றிப் பார்த்து அறிக்கை கொடுத்தார். ராஜமுந்திரி அருகே தவளேஸ்வரத்தில் ஆற்றின் குறுக்கே அணை கட்டலாம் என்றார். அங்கே கோதாவரியின் அகலம், நடுவில் உள்ள தீவுகளையும் சேர்த்தால், சுமார் 6 கி.மீ.!

பெரிய திட்டம். ஆனால் அவர் கேட்ட அளவுக்குப் பொறியாளர்களும் கிடைக்கவில்லை, பணமும் கிடைக்கவில்லை. இருந்ததை வைத்து 1847-ல் வேலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். வீணம் வீரண்ணா என்ற உள்ளூர் அதிகாரி ஆட்களைத் திரட்டி வேலை வாங்கியதில் பெரும்பங்கு வகித்தார். 1852-ல் அணை முடிந்தது.

இதில் காட்டன் செய்த புத்திசாலித்தனமான வேலை ஒன்று உண்டு. அணையிலிருந்து கிளம்பும் கால்வாய்களைப் பாசனத்துக்கு மட்டும் வெட்டவில்லை. படகு போகும் அளவுக்கு அகலமும் ஆழமும் வைத்து, மேடு பள்ளம் வரும் இடங்களில் படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளும் அமைத்தார். ஒரே கால்வாய் வயலுக்குத் தண்ணீரும் தரும், விளைந்த நெல்லைக் காக்கிநாடா துறைமுகத்துக்கும் கொண்டுபோகும்.

சாலை, ரயில் எல்லாம் சரக்கைக் கொண்டுபோகும். கால்வாய் அந்தச் சரக்கையே விளைவிக்கும். காட்டனின் முழுக் கொள்கையும் இதற்குள் அடங்கிவிடும்.

பஞ்சத்தில் அழிந்த மாவட்டம், சில பத்தாண்டுகளில் மாகாணத்தின் செழிப்பான பகுதிகளில் ஒன்றாகிவிட்டது. 1861-ல் காட்டனுக்கு சர் பட்டம் கிடைத்தது.

ரயிலா, கால்வாயா? 5 சதவீத அரசியல்

இதற்கிடையே ரயில் பெரிய அளவில் வந்துவிட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. திருவள்ளூர் வழியாகப் போன பாதைதான் அது. இன்றைக்கு திருவள்ளூர் - சென்ட்ரல் மார்க்கத்தில் நீங்கள் போகிறீர்கள் என்றால், அந்த முதல் பாதையின் தடத்தில்தான் போகிறீர்கள்.

இந்த ரயில்களை யார் போட்டார்கள்? லண்டனில் பதிவான தனியார் கம்பெனிகள். அவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த சலுகைதான் இந்தக் கதையின் மையம்.

நிலம் இலவசம். போட்ட முதலுக்கு வருஷம் 5 சதவீத வருமானம் நிச்சயம். ரயில் லாபத்தில் ஓடினால் நல்லது. நஷ்டத்தில் ஓடினாலும் கவலை இல்லை, குறைகிற தொகையை இந்தியாவின் வரிப் பணத்திலிருந்து அரசாங்கம் கட்டிவிடும். அதாவது லாபம் லண்டன் பங்குதாரருக்கு, நஷ்டம் மெட்ராஸ் விவசாயிக்கு.

இப்படி ஒரு உத்தரவாதம் இருந்தால், செலவைக் குறைக்க யாருக்கு அக்கறை வரும்? ஒரு மைல் பாதைக்கு ஆன செலவு முதலில் போட்ட மதிப்பீடுகளைத் தாண்டிப் போனது. காட்டனுக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான். ரயில் பாதைக்கு ஆகும் செலவில் எட்டில் ஒரு பங்குதான் நீராவிப் படகு போகும் கால்வாய்க்கு ஆகும் என்பது அவர் கணக்கு. நெல், உப்பு, பருத்தி மாதிரி கனமான, விலை குறைந்த சரக்குக்கு வேகம் முக்கியம் இல்லை, கூலிதான் முக்கியம் என்பது அவருடைய வாதம்.

கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் ரயிலுக்குப் பின்னால் பெரிய கூட்டமே இருந்தது. இரும்பும் இன்ஜினும் விற்கும் பிரிட்டிஷ் ஆலைகள், 5 சதவீதத்துக்கு ஆசைப்பட்ட முதலீட்டாளர்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ராணுவமும் சேர்ந்துகொண்டது. சிப்பாய்களை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வேகமாக அனுப்ப வேண்டுமென்றால் படகு சரிப்படாது.

காட்டன் சறுக்கிய இடங்கள்

காட்டனை நாயகனாக மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். அவருடைய எதிரிகள் கையில் ஆயுதம் கொடுத்தது அவருடைய திட்டங்களே.

முதலாவது, மெட்ராஸ் பாசன மற்றும் கால்வாய் கம்பெனி. 1858-ல் லண்டனில் தொடங்கப்பட்டது. துங்கபத்திரைத் தண்ணீரைக் கர்னூல், கடப்பா வழியாக நெல்லூர் பக்கம் கடற்கரை வரை கொண்டுபோகும் கனவு. காட்டனின் யோசனை. ரயில் கம்பெனிக்குக் கொடுத்த மாதிரியே இதற்கும் 10 லட்சம் பவுண்டு முதலுக்கு 5 சதவீத உத்தரவாதம் வாங்கினார்கள். ரயிலில் எதைக் குறை சொன்னாரோ, அதே ஏற்பாடு கடைசியில் கால்வாய்க்கும் வந்தது.

பணம் முதல் கட்டத்திலேயே தீர்ந்துபோனது. கர்னூல் - கடப்பா கால்வாய் மட்டும் முடிந்தது. தண்ணீர் வந்த பிறகும் விவசாயிகள் வாங்கத் தயங்கினார்கள். காரணம், அந்தப் பகுதியில் பெரும்பாலும் கரிசல் மண். மழையை நம்பிச் சோளமும் பருத்தியும் போடுபவர்களுக்கு நல்ல மழை வருஷத்தில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்க என்ன அவசியம்? கோதாவரி டெல்டா வேறு, கர்னூல் வேறு. கடைசியில் 1882-ல் அரசாங்கமே கம்பெனியை வாங்கிக்கொண்டது.

ஒரிசாவில் அவர் யோசனையில் தொடங்கிய கால்வாய்க் கம்பெனியும் 1860-களிலேயே பணம் இல்லாமல் அரசாங்கத்தின் கைக்குப் போனது.

மூன்றாவது, மேல் கோதாவரித் திட்டம். ஆற்றில் நீராவிப் படகு விட்டு, உள்நாட்டுப் பருத்தியைக் கடலுக்குக் கொண்டுவரும் திட்டம். மான்செஸ்டர் துணி ஆலை முதலாளிகளே ஆதரவாக இருந்தார்கள். ஆனால் ஆற்றில் பெரிய பாறைத் தடைகள் மூன்று. வருஷத்தில் சில மாதங்கள்தான் போதுமான தண்ணீர். வேலை செய்தவர்களுக்குக் காட்டுக் காய்ச்சல். அதற்குள் 1867-ல் பம்பாயிலிருந்து நாக்பூருக்கு ரயில் வந்து பருத்தியை அள்ளிக்கொண்டு போய்விட்டது. 1871-ல் திட்டத்தை மூட்டை கட்டினார்கள்.

சின்னதாகத் தொடங்கி, பலனைக் காட்டி, அடுத்ததுக்குப் போனபோது காட்டன் ஜெயித்தார். ஒரு இடத்தில் வெற்றி பெற்றதை மண்ணும் மழையும் வேறாக இருக்கும் இடத்தில் அப்படியே பெரிதாக்கப் பார்த்தபோது சறுக்கினார்.

தாது வருஷப் பஞ்சமும் பக்கிங்காம் கால்வாயும்

1876-ல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று தாத்தா, பாட்டி காலம் வரை பேசப்பட்ட பேரழிவு. 1878 வரை நீடித்த இந்தப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. மெட்ராஸ் மாகாணம்தான் அதிகம் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று.

அப்போது மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். பஞ்ச நிவாரண வேலையாக மெட்ராஸ் நகருக்குள் அடையாறையும் கூவத்தையும் இணைத்து சுமார் 8 கி.மீ. கால்வாய் வெட்டப்பட்டது. பட்டினியால் ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள்தான் தோண்டினார்கள். 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு நிர்ணயித்த கூலி எவ்வளவு தெரியுமா? ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஒரு அணாவும். மண் வெட்டும் உடம்புக்கு அது எப்படிப் போதும் என்று அப்போதே கடும் எதிர்ப்பு கிளம்பியது.

அந்த இணைப்போடு, வடக்கே ஏற்கனவே இருந்த கால்வாயும் தெற்கே இருந்த கால்வாயும் ஒன்றாகின. வடக்குப் பகுதியின் ஆரம்பம் 1806. மெட்ராஸிலிருந்து எண்ணூருக்கு பேசில் காக்ரேன் என்ற தொழிலதிபர் வெட்டியது. அது படிப்படியாக பழவேற்காட்டைத் தாண்டி, ஆந்திராவின் பெத்தகஞ்சாம் வரை நீண்டது. தெற்கே மரக்காணம் வரை, மொத்தம் சுமார் 420 கி.மீ. அங்கிருந்து கிருஷ்ணா, கோதாவரி டெல்டா கால்வாய்களோடும் தொடர்பு. காக்கிநாடாவில் ஏற்றிய நெல் மூட்டை, கடலுக்குள் போகாமலேயே, பழவேற்காடு ஏரி வழியாக எண்ணூருக்கு வந்து சேர முடிந்தது. விறகு, உப்பு, நெல் என்று பல பத்தாண்டுகள் படகுகள் ஓடின.

1878: நாடாளுமன்றத்தில் கடைசி வாதம்

பஞ்சத்துக்குப் பிறகு லண்டனில் கேள்வி எழுந்தது. இவ்வளவு பணம் கொட்டி ரயில் போட்டும் மக்கள் ஏன் செத்தார்கள்? 1878-ல் இந்தியப் பொதுப்பணிகளை ஆராய நாடாளுமன்றக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் ஜார்ஜ் ஹாமில்டன். 75 வயது காட்டன் அங்கே சாட்சி சொல்லப் போனார்.

இந்தியாவுக்கு வேண்டியது நீர்வழிப் போக்குவரத்து என்றார். தேவையான அளவு தானியத்தை, தேவையான விலையில் ரயிலால் கொண்டுபோக முடியவில்லை என்றார். பஞ்சத்தின்போது கோதாவரி, கிருஷ்ணா, காவிரி டெல்டாக்கள் தப்பித்து நின்றதைச் சுட்டிக்காட்டினார். பிறகு 3 கோடி பவுண்டில் ஒரு மாபெரும் வரைபடத்தையே முன்வைத்தார். கல்கத்தாவிலிருந்து கராச்சி வரை, காக்கிநாடாவிலிருந்து சூரத் வரை, துங்கபத்திரையிலிருந்து கார்வார் வரை, பொன்னானியிலிருந்து பாலக்காடு, கோயம்புத்தூர் வழியாக ஒரு பாதை என நாடு முழுக்கக் கால்வாய்.

குழு ஏற்கவில்லை. கர்னூல் என்ன ஆச்சு, ஒரிசா என்ன ஆச்சு என்பதுதான் அவர்கள் கேள்வி. முதலுக்கு எத்தனை சதவீதம் வந்தது என்ற கணக்கில் அந்தத் திட்டங்கள் தோற்றிருந்தன. ரயில் இல்லாவிட்டால் உள்நாட்டு மாவட்டங்களில் சாவு இன்னும் கூடியிருக்கும் என்ற எதிர்வாதத்திலும் நியாயம் இருந்தது. துறைமுகத்தில் இறங்கிய தானியத்தை அனந்தப்பூர், பெல்லாரிப் பக்கம் எந்தக் கால்வாயும் கொண்டுபோயிருக்க முடியாது.

ஆனால் ஒரு விஷயம் பலருக்கு உறுத்தியது. ரயில் நஷ்டப்பட்டபோது வரிப் பணத்தில் ஈடுகட்டினார்கள், கால்வாய் நஷ்டப்பட்டபோது திட்டத்தையே மூடினார்கள். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு அளவுகோல். 1880-ல் வந்த பஞ்ச ஆணையம் ரயிலும் வேண்டும், பாசனமும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பாசனத்துக்கு மதிப்புக் கூடியது. ஆனால் கால்வாயில் சரக்குப் போக்குவரத்து என்ற கனவு அத்தோடு பின்னுக்குப் போனது.

1899: ஒரே ஆண்டில் இரண்டு நிகழ்வுகள்

கடைசிக் காலத்தை காட்டன் இங்கிலாந்தின் டார்க்கிங் நகரில் கழித்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. நிலத்தை ஆழமாகக் கொத்தினால் கோதுமை விளைச்சல் எவ்வளவு கூடும் என்று தோட்டத்தில் சோதனை செய்துகொண்டிருந்தார். 1899 ஜூலை 24-ல், 96 வயதில் இறந்தார். மறு வருஷம் அவருடைய மகள் லேடி ஹோப் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தது.

அதே 1899-ல்தான் மெட்ராஸையும் விஜயவாடாவையும் இணைக்கும் கடற்கரை ரயில் பாதை திறக்கப்பட்டது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, கூடூர் வழியாகப் போகும் இன்றைய கொல்கத்தா மார்க்கம். பக்கிங்காம் கால்வாய்க்கு ஏறக்குறைய இணையாகவே ஓடும் பாதை. கால்வாய்ச் சரக்கு கொஞ்சம் கொஞ்சமாக ரயிலுக்கும், அப்புறம் லாரிக்கும் போய்விட்டது. 1960-களிலும் 70-களிலும் வந்த புயல்கள் கரைகளைச் சிதைத்தன. பெரிய அளவில் யாரும் சரி செய்யவில்லை.

சென்னை நகருக்குள் நடந்தது இன்னும் விசித்திரம். பறக்கும் ரயிலுக்கு இடம் தேடியபோது, பல இடங்களில் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டு ஸ்டேஷன் கட்டினார்கள். நிலம் கையகப்படுத்தும் செலவு மிச்சம். கால்வாய் குறுகியதுதான் மிச்சப்பட்டதற்கான விலை. ஒவ்வொரு பெருமழையிலும் அந்த விலை என்ன என்று நகரம் பேசுகிறது.

இன்றைய திருவள்ளூருக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. எண்ணூரில் காமராஜர் துறைமுகம், பக்கத்திலேயே காட்டுப்பள்ளி துறைமுகம், கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் பக்கம் வரை சுமார் 130 கி.மீ. சென்னை எல்லைச் சாலை. சித்தூரிலிருந்து தச்சூர் வரை ஆறு வழிச் சாலை. இவ்வளவு பெரிய போக்குவரத்துத் திட்டங்கள் ஒரே மாவட்டத்தில் குவிவது அபூர்வம். நெற்பயிர் விளையும் நிலம் போகிறது என்று விவசாயிகள் போராடியதும் இதே மண்ணில்தான். பழவேற்காடு மீனவர்கள் துறைமுக விரிவாக்கத்தை எதிர்ப்பதும் இங்கேதான்.

இன்னொரு பக்கம், காட்டனின் பழைய கனவுகள் வேறு வடிவில் திரும்பி வந்திருக்கின்றன. 1983-ல் தமிழ்நாடும் ஆந்திராவும் போட்ட ஒப்பந்தப்படி, கிருஷ்ணா தண்ணீர் கண்டலேறிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகப் பூண்டி ஏரிக்கு வருகிறது. முதல் தண்ணீர் வந்தது 1996-ல். ஆந்திராவில் அது கடந்து வருவது, காட்டனின் கம்பெனி பணம் தீர்ந்து நின்ற அதே கர்னூல், கடப்பா, நெல்லூர்ப் பகுதிகள். இந்த முறை பங்குதாரருக்கு வட்டி தர வேண்டிய கட்டாயம் இல்லை, இரண்டு மாநில அரசுகள் சேர்ந்து செய்தன. காட்டன் தண்டவாளம் போட்ட செங்குன்றத்தில் இருக்கும் புழல் ஏரி, அந்தத் தண்ணீரையும் வாங்கிச் சென்னைக்குக் குடிக்கக் கொடுக்கிறது.

2008-ல் காக்கிநாடா - புதுச்சேரி கால்வாய், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகள் சேர்ந்து தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவிக்கப்பட்டன. பக்கிங்காம் கால்வாயும் அதில் அடக்கம். தமிழ்நாட்டுப் பகுதியில் சரக்குப் படகு இன்னும் ஓடவில்லை. டன்னுக்கு எவ்வளவு செலவு என்ற காட்டனின் அதே கணக்கைச் சொல்லித்தான் இந்தத் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

அடுத்த முறை ஒரு மெகா திட்டம் அறிவிக்கப்படும்போது, எத்தனை ஆயிரம் கோடி என்பதோடு நிறுத்திவிடாமல் இன்னும் சிலவற்றைக் கேட்கலாம். நஷ்டம் வந்தால் யார் கட்டுவது? லாபத்தில் நிலம் கொடுத்தவருக்குப் பங்கு உண்டா? வேறு ஊரில் ஜெயித்த திட்டம் இந்த ஊர் மண்ணுக்கும் தண்ணீருக்கும் பொருந்துமா? காட்டன் முதல் இரண்டையும் ரயில்வேயிடம் கேட்டார். மூன்றாவதைத் தன்னுடைய திட்டத்திடம் கேட்கத் தவறினார்.